பெருந்தொற்று வார்டில் செவிலியர்களின் மன அழுத்தம்: வார்டு பொறுப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, பெருந்தொற்று வார்டுக்குப் பொறுப்பேற்கும் மூத்த செவிலியர்களுக்காகவும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்காகவும் எழுதப்பட்டது. கோவிட் காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவமனை வார்டுகளில் செய்து பார்த்தவற்றையும், புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதையும் கொண்டே இதன் படிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

அந்த வரிசை முக்கியமானது. பல இடங்களில் மனநல வகுப்பு முதலில் நடத்தப்பட்டது. பணி நேரம், ஓய்வு, குடிநீர் ஆகியவை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டன. இரவுப் பணி முடித்தவரை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், அவர் இழப்பது ஒரு மணி நேரத் தூக்கம். வேலையின் அமைப்பிலிருந்து பிறக்கும் அழுத்தத்தை வேலையின் அமைப்பை மாற்றித்தான் குறைக்க முடியும்; அதன் பிறகும் எஞ்சுவதற்கே பேச்சும் ஆலோசனையும் மருந்தும் தேவைப்படுகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் முழுமையான பெயர்ப் பட்டியல் தேவை. நிரந்தரப் பணியில் இருப்பவர், ஒப்பந்தச் செவிலியர், பெருந்தொற்றுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், வேறு வார்டிலிருந்து மாற்றுப்பணியில் வந்தவர் என எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒப்பந்தச் செவிலியர்களின் பெயர்களே. குறை சொன்னால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற அச்சத்தில் அவர்கள் தாமாக எதையும் சொல்ல மாட்டார்கள் என்பதால், அவர்களைத் தேடிச் சென்று கேட்கும் பொறுப்பு உங்களுடையது.

பட்டியலில் ஒவ்வொருவரின் வீட்டு நிலையையும், அவரே விரும்பிச் சொல்லும் அளவுக்கு, குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பம், பாலூட்டும் குழந்தை, வீட்டில் வயதானவர், தனி அறை இல்லாத வீடு, சொந்தமாக உள்ள நீரிழிவு அல்லது ஆஸ்துமா போன்றவை பணியிடத்தைத் தீர்மானிக்க உதவும். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போடும் அட்டவணை, பார்வைக்குச் சமமாக இருந்தாலும் ஒரு சிலர் மீது இரட்டைச் சுமையை ஏற்றிவிடும்.

அடுத்து, கதவு மூடக்கூடிய ஒரு சிறிய அறை, ஒரு மனநல மருத்துவரின் தொடர்பு, அட்டவணையை மாற்ற உங்களுக்கு உள்ள அதிகாரத்தை உறுதிசெய்யும் எழுத்துப்பூர்வமான உத்தரவு ஆகிய மூன்றும் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை வார்டு நிரம்பும் முன்பே நேரில் சந்தித்து, எந்த நாளில் எந்த நேரத்தில் அவரை அழைக்கலாம் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்த இரவில் எண்ணைத் தேடத் தொடங்குவது மிகவும் தாமதமான தொடக்கம்.

கடைசியாக, செவிலியர் சொல்லும் சொந்த விவரங்களை யார் பார்க்கலாம், எங்கே வைக்கப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்களுக்கு இரகசியக் காப்பு உரிமை தருகிறது. பணிப்பதிவேட்டில் ஏறிவிடும் என்ற சந்தேகம் ஒருவருக்கு வந்துவிட்டால், அதன் பிறகு அந்த வார்டில் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

2. காரணங்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

செவிலியர்களை இருவர் மூவராகச் சந்தித்து, இந்த வார்டில் எது அதிகமாக வருத்துகிறது என்று கேளுங்கள். பெரிய கூட்டத்தில் கேட்க வேண்டாம். அங்கே மூத்தவர்கள் பேசுவார்கள், இளையவர்கள் தலையசைப்பார்கள்.

கிடைக்கும் பதில்களை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். நீங்களே மாற்றக்கூடியவை முதல் பத்தியில் வரும்: இடைவேளை, யாருக்கு எந்தப் படுக்கை, கழிப்பறை, சாப்பாடு வரும் நேரம். மருத்துவமனை முதல்வர் (டீன்) அல்லது நிலைய மருத்துவ அலுவலர் மட்டுமே மாற்றக்கூடியவை இரண்டாம் பத்தியில்: ஆள் எண்ணிக்கை, தங்குமிடம், முழுப் பாதுகாப்பு உடையான பிபிஇ கிட்டின் தரம், நிலுவை ஊதியம். நோயின் இயல்பு, இறப்பு, தொற்றைப் பற்றிய அச்சம் போன்று ஒருவராலும் நீக்க முடியாதவை மூன்றாம் பத்தியில்.

இந்தப் பிரிப்பு எதற்கு என்றால், எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதும்போது மூன்றாம் பத்தியின் பெரிய துயரங்கள் முதல் பத்தியின் சிறிய தீர்வுகளை மறைத்துவிடுகின்றன. முதல் பத்தியில் உள்ளவற்றில் இரண்டையாவது அதே வாரத்தில் சரிசெய்து காட்டுங்கள். கேட்டார்கள், கேட்டபடி ஒன்று நடந்தது என்று செவிலியர்கள் கண்ட பிறகே அடுத்த படிகளுக்கு ஒத்துழைப்பு கிடைக்கும்.

3. பணி அட்டவணையைத் திருத்துதல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. முழுப் பாதுகாப்பு உடையில் வேலை செய்பவருக்கு 6 மணி நேரத்தை மேல்வரம்பாக வையுங்கள். கோடையில் குளிர்சாதனம் இல்லாத வார்டில் 4 மணி நேரமே போதுமானது. ஆள் பற்றாக்குறையால் நீண்ட பணி தவிர்க்க முடியாதது என்றால், அந்த நேரத்தின் ஒரு பகுதியையாவது உடைக்கு வெளியே செய்யும் வேலைகளுக்கு, அதாவது பதிவேடு, மருந்து கணக்கு, உறவினருக்குத் தொலைபேசித் தகவல் ஆகியவற்றுக்கு, ஒதுக்குங்கள்.

பணி சுழலும் திசையையும் கவனியுங்கள். காலைப் பணியிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் நகர்வதை உடல் ஓரளவு ஏற்கும். இரவிலிருந்து நேராகக் காலைப் பணிக்குத் திரும்புவதை ஏற்காது. இரவுப் பணி முடிந்த நாளை விடுமுறை நாளாகக் கணக்கிடுவது பல வார்டுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த நாள் தூங்கிக் கழிகிறது. ஓய்வு நாள் அதற்கு அடுத்த நாளாக இருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பெருந்தொற்றில் அது பெரும்பாலும் எட்டாது என்பதை எல்லோரும் அறிவோம். எட்டாத நாளில் செய்ய வேண்டியது, எந்த வேலைகளை விட்டுவிடலாம் என்பதை நீங்களே முடிவு செய்து எழுதிக் கையெழுத்திடுவது. 4 வென்டிலேட்டர் நோயாளிகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு முன்னுரிமையை அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டால், இரவு முழுவதும் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் அவருடைய மனச்சாட்சியின் மீது விழும். அந்தச் சுமையை ஏற்பதற்காகத்தான் பொறுப்பாளர் என்ற பதவி இருக்கிறது.

வேறு துறையிலிருந்து வந்தவரை முதல் நாளே தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியாக நிறுத்த வேண்டாம். பல ஆண்டுகள் மகப்பேறு வார்டில் இருந்த ஒருவர், வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அச்சம், தொற்றைப் பற்றிய அச்சத்தைக் காட்டிலும் கடுமையானது. குறைந்தது மூன்று பணி நேரங்களாவது அனுபவம் உள்ளவருடன் சேர்த்துப் போடுங்கள்.

அட்டவணையை ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். நாளை எந்தப் பணி என்பது இன்று இரவு வாட்ஸ்அப்பில்தான் தெரியும் என்ற நிலை, வீட்டில் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வியை ஒவ்வொரு நாளும் புதிதாக எழுப்புகிறது.

4. பிபிஇ கிட் அணியும் நேரத்தைச் சுற்றிய ஏற்பாடுகள்

கிட் அணிந்த பிறகு தண்ணீர் குடிக்க முடியாது, சிறுநீர் கழிக்க முடியாது. அதனால் பலர் பணிக்கு முந்தைய மணிகளிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவை தொடர்ந்து வருகின்றன. அணியும் அறையின் வெளியே குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் வைத்து, கழிப்பறைக்குச் சென்றுவர 15 நிமிடத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே சேர்த்துக் கொடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் உடைக்குள் இருக்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக் கேட்க ஒரு எளிய வழி வேண்டும். காரணம் எழுதாமல் அட்டவணையில் ஒரு குறியிட்டால் போதும் என்று வையுங்கள். ஆண் மருத்துவரிடமோ அலுவலகத்திலோ விளக்க வேண்டியிருந்தால் பெரும்பாலோர் கேட்காமலேயே துன்பப்படுவார்கள்.

உடையின் முன்னும் பின்னும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முகம் தெரியாத வார்டில் உடன் பணிபுரிபவரையும் அடையாளம் காண முடியாது. நோயாளிகளும் யாரையும் பெயர் சொல்லி அழைக்க முடியாது.

கழற்றும் இடத்தில் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக் கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். பணி முடிந்து களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் தவறு நிகழ வாய்ப்பு அதிகம். கைகளைச் சரியாகத் துடைத்தோமா, முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொட்டோமா என்ற ஐயம் வீடு வரை சென்று தூக்கத்தைக் கெடுக்கும். சரியாகக் கழற்றினீர்கள் என்று இன்னொருவர் உறுதி சொல்வது, தொற்று அச்சத்தைக் குறைக்க நான் கண்ட வழிகளிலேயே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் ஆகும்.

5. ஒவ்வொருவருக்கும் ஓர் இணை

இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். பணிக்கு வரும்போது, இடைவேளையில், கிளம்பும்போது ஒருவரையொருவர் பார்த்து, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது மட்டுமே அவர்களின் வேலை.

இணைகளை நீங்களே நியமிக்கலாம்; ஆனால் மாற்றிக் கேட்டால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். பயிற்சி முடித்து வந்தவரை இன்னொரு புதியவருடன் சேர்க்க வேண்டாம். அனுபவமும் புதுமையும் கலந்த இணையே நிலைக்கும். வார்டில் 'பிரதர்' என்று அழைக்கப்படும் ஆண் செவிலியர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் தனித்து விடப்படுகிறார்கள். உடல்களைத் தூக்குவது முதல் வன்முறையில் இறங்கும் உறவினரைத் தடுப்பது வரை அவர்களிடமே கொடுக்கப்பட்டும், களைப்பைப் பற்றி அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் இணை வேண்டும்.

6. ஹேண்ட் ஓவரின் இறுதியில் ஐந்து நிமிடம்

நோயாளி விவரங்கள் ஒப்படைக்கப்பட்ட பிறகு, கிளம்பும் குழுவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று எது கடினமாக இருந்தது? எது சரியாக நடந்தது? அடுத்த குழுவுக்காக எதை மாற்ற வேண்டும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கரும்பலகையில் எழுதுங்கள். அது அட்டவணையையும் பொருள் இருப்பையும் சரிசெய்ய உடனே பயன்படும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பேச விரும்பாதவர் பேசாமல் போகலாம். இந்த நேரத்தில் பிழை கண்டுபிடிப்பதும், விளக்கம் கேட்பதும், சுற்றறிக்கை வாசிப்பதும் கூடாது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் மறுநாளிலிருந்து எல்லோரும் எதுவும் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

7. வார்டில் இறப்பு நிகழ்ந்த பின்

பெருந்தொற்றில் இறப்பு வேறு வகையானது. உறவினர் அருகில் இருப்பதில்லை. நோயாளியின் கடைசிச் சொற்களைக் கேட்டவரும், கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தவரும், உடலைப் பைக்குள் வைத்தவரும் ஒரே செவிலியராக இருக்கலாம். 2021 மே மாதத்தில், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்ற நாட்களில், படுக்கை காலியாவதற்கும் அடுத்த நோயாளி ஏறுவதற்கும் இடையில் மூச்சுவிடக்கூட நேரம் இல்லை.

அந்த இடைவெளியை நீங்கள் உருவாக்க வேண்டும். இறந்தவரைக் கவனித்த செவிலியரை 10 நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய மற்ற நோயாளிகளை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த படுக்கைக்கு நோயாளியை ஏற்றும் பொறுப்பை அவருக்கே கொடுக்க வேண்டாம். ஒரே செவிலியருக்கு ஒரே பணி நேரத்தில் இரண்டாவது இறப்பு நேர்ந்தால், மறுநாள் அவரை இலேசான பிரிவுக்கு மாற்றுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி முறையில் மூன்று செயல்கள் உள்ளன: பார்ப்பது, கேட்பது, இணைப்பது. நடுங்குகிறாரா, பேசாமல் இருக்கிறாரா, தனியாக நிற்கிறாரா என்று பாருங்கள். அருகில் அமர்ந்து அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். பிறகு அவருக்குத் தேவையான மனிதருடன், இணையுடனோ வீட்டாருடனோ மருத்துவருடனோ, தொடர்புபடுத்துங்கள்.

இங்கே புதிய பொறுப்பாளர்கள் நல்லெண்ணத்துடன் செய்யும் ஒரு செயல் கேடு விளைவிக்கிறது. நடந்த அனைத்தையும் முதலிலிருந்து சொல்லும்படி எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அழுது தீர்த்துவிடச் சொல்கிறார்கள். அதிர்ச்சி நேர்ந்த உடனே கட்டாயமாக நடத்தும் இத்தகைய விவரிப்பு அமர்வுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சொல்ல விரும்புபவர் சொல்லட்டும். விரும்பாதவரின் மௌனத்தைக் காத்துக்கொடுங்கள்.

எல்லாம் விதி, தைரியமாக இருங்கள், நீங்கள் கடவுள் மாதிரி என்பது போன்ற சொற்களையும் தவிருங்கள். தெய்வமாக உயர்த்தப்பட்டவர் தனக்குக் களைப்பு என்று சொல்லக் கூசுவார். இந்த நோயாளிக்குச் செய்ய முடிந்தவை இவை, அவற்றை நீங்கள் செய்தீர்கள் என்று செயல்களைப் பெயர் சொல்லிச் சொல்வதே அவருக்கு உதவும்.

8. வீடும் தெருவும் தனிமைப்படுத்தலும்

பணி நாட்களைவிடத் தனிமைப்படுத்தல் நாட்களில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். வேலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒதுங்கி நின்ற காட்சிகள், விடுதி அறையில் தனியாக இருக்கும்போது திரும்பி வருகின்றன. அந்த நாட்களில் தினமும் ஒருமுறை, குறித்த நேரத்தில், இணை அழைத்துப் பேச வேண்டும். உணவு நேரத்துக்கு வருகிறதா, பரிசோதனை முடிவு எப்போது தெரியும் என்ற இரண்டு தகவல்களை நீங்களே கேட்டறிந்து சொல்லுங்கள். முடிவுக்காகக் காத்திருப்பதே பெரும் வதை.

2020-இல் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட செவிலியர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில், கோவிடால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் சென்னையில் தாக்கப்பட்ட செய்தி, நமக்கும் இதுதானா என்ற கேள்வியை வார்டுகளில் விட்டுச் சென்றது. அதே மாதம் 22ஆம் தேதி பிறப்பிக்கப்பட்டு செப்டம்பரில் சட்டமான தொற்றுநோய்ச் சட்டத் திருத்தம், சுகாதாரப் பணியாளரைத் தாக்குவதோடு, அவர் வாழும் சூழலுக்கும் பணிச்சூழலுக்கும் இடையூறு செய்வதையும் ஜாமீனில் விட முடியாத குற்றமாக்கி, 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது.

இதை அறிந்திருப்பது மட்டும் போதாது. இத்தகைய தொல்லை வரும்போது, புகார் எழுதுவதும் காவல் நிலையத்துக்குச் செல்வதும் மருத்துவமனை நிர்வாகத்தின் வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவரையே அலைய விட்டால் அவர் புகாரைக் கைவிட்டு வீட்டைத்தான் மாற்றுவார்.

9. கேள்வித்தாள் மூலம் அளத்தல்

முதல் எட்டுப் படிகள் நடைமுறைக்கு வந்த பிறகே இதைத் தொடங்குங்கள். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7, மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 ஆகிய இரண்டு கேள்வித்தாள்கள் போதும். இரண்டும் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கின்றன. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஜிஏடி-7இல் மொத்தம் 21, பிஎச்கியூ-9இல் 27. எதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தாலும் மனநல மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பிஎச்கியூ-9இன் ஒன்பதாம் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த விடை இருந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவாக இருப்பினும், அன்றே நேரில் பேச வேண்டும். தாள்களை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு வார இறுதியில் கூட்டிப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. அன்றைக்குப் பார்க்க ஆள் இல்லையென்றால் அன்றைக்குத் தாளைக் கொடுக்கவே வேண்டாம்.

மதிப்பெண் நோயைக் கண்டறிவதாகாது. இரத்தச் சோகை, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை ஆகியவையும் அதை உயர்த்தும். அதிக மதிப்பெண் பெற்றவரைப் பணியிலிருந்து உடனே நீக்குவதும் தவறு. அது தண்டனையாகவே புரிந்துகொள்ளப்படும், அடுத்த முறை எல்லோரும் 0 என்று எழுதுவார்கள்.

10. மனநல மருத்துவரிடம் அனுப்புதல்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பணியில் அடிக்கடி உறைந்து நிற்பது, வழக்கத்துக்கு மாறான மருந்துப் பிழைகள், நோயாளிகளிடம் இரக்கமின்றிப் பேசுவது, தூக்க மாத்திரையையோ மதுவையோ நாடுவது, வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். இரக்கமற்ற பேச்சை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்கிறோம். நேற்று வரை பரிவோடு இருந்தவரிடம் அது தோன்றினால், அது களைப்பின் முற்றிய அடையாளம்.

வார்டு மருந்து அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துத் தாமே தூங்கப் பார்ப்பது செவிலியர்களிடையே எளிதாக நேரக்கூடியது. அதைத் திருட்டாக விசாரிப்பதற்கு முன், சிகிச்சையாக அணுகுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தெரிந்தவரைத் தனியே விடாமல், அவரிடமிருந்து மருந்து அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, ஒருவர் உடன் சென்று மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் நாள் முழுவதும், தமிழிலும், இயங்குகிறது; உடன் பணிபுரிபவர்களிடம் பேசத் தயங்குபவருக்கு இது நல்ல வழி. எண்ணைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டினால், பிறர் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

11. அலை ஓய்ந்த பின்

வார்டு காலியான வாரத்தில் எல்லாம் முடிந்தது என்று ஏற்பாடுகளைக் கலைத்துவிடுகிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த பிறகே அவ்வாறு கண்டறியப்படுகின்றன. சிலரிடம் ஆறு மாதம் கழித்தும் முழுமையாக வெளிப்படலாம். மானிட்டர் ஒலி கேட்டால் திடுக்கிடுவது, குறிப்பிட்ட படுக்கை அருகே போக மறுப்பது, திரும்பத் திரும்ப ஒரே கனவு ஆகியவற்றைக் கவனியுங்கள். கேள்வித்தாளை மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மீண்டும் கொடுங்கள்.

சேர்ந்துபோன விடுப்பை அடுத்த அலை வரும் முன் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால், இறப்புகளை அதிகம் சந்தித்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். பணி மூப்பின்படி தொடங்கினால் அதிகம் தாங்கிய இளையவர்கள் கடைசியில் நிற்பார்கள்.

தற்காலிகச் செவிலியர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாளில், அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டோடு நம் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடுகிறது. தொடர் கவனிப்பும் அங்கேயே அறுந்துபோகிறது. அவர்கள் கிளம்பும் முன் ஒப்புதல் பெற்று, சொந்த மாவட்டத்தின் மனநலத் திட்ட மருத்துவருக்கு ஒரு கடிதமும், பணி அனுபவச் சான்றும், நிலுவைத் தொகைக்கான எழுத்துப்பூர்வ உறுதியும் கையில் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாம் மாதத்து அழைப்புப் பட்டியலில் அவர்கள் எண்களும் இருக்க வேண்டும். அழைக்க வேண்டிய செவிலியரின் பெயரையும் தேதியையும் இப்போதே எழுதி, கண்காணிப்பாளரின் அறையில் ஒட்டிவிடுங்கள்.